பட்டமும் பட்டறையும்



பட்டம் படிப்பதா, தொழில் பழகுவதா என்று நம் பிள்ளைகள் கேட்கின்றனர். "உனக்குக் கைத்தொழிலே போதும்" என்று எவரேனும் சொன்னால் அது அறிவுரையன்று, சாதி பேசுகிறது. செவிசாய்க்காதீர்கள். ஆயினும் அச்சொல்லின்மேல் கொண்ட சினத்தால் பட்டறையை வெறுப்பதும் பிழையே.

அண்ணல் அம்பேத்கர் 1942இல் வைசிராயிடம் அளித்த மனுவில் நம் மாணவரின் உயர்கல்விக்கு உதவித்தொகை வேண்டினார். அதே மனுவில் அரசு அச்சகங்களிலும் இரயில்வே பணிமனைகளிலும் நம் இளைஞர்க்குப் பயிற்சியிடம் வேண்டினார். கொலம்பியாவிலும் இலண்டனிலும் பட்டம் பெற்றவர் அவர்!

1961ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டப்படி, பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை உண்டு. பட்டியல் இனத்தார்க்கு இடஒதுக்கீடும் உண்டு. கூலி வேலைக்குச் செல்லும் தாய்க்கு அத்தொகை சிறிதன்று. ஆனால் பயிற்சி முடிந்தபின் அந்நிறுவனமே வேலை தந்தாக வேண்டும் என்னும் கட்டாயம் சட்டத்தில் இல்லை. சேருமுன் இதனை அறிந்துகொள்ளுங்கள்.

என் கருத்தைக் கேட்டால், படிப்பில் நாட்டமுள்ள பிள்ளையை, ஆணாயினும் பெண்ணாயினும், வறுமைக்கு அஞ்சிப் பட்டறைக்கு அனுப்பாதீர்கள். அரசு விடுதியும் கல்வி உதவித்தொகையும் இருக்கின்றன. ஏதேனும் ஒரு பட்டம் என்று மூன்றாண்டைக் கழிக்க எண்ணுபவரோ, ஃபிட்டர், எலக்ட்ரீசியன் தொழிலைப் பயிலலாம். அத்துடன் படிப்பு முடிந்துவிடுவதில்லை. ஐ.டி.ஐ.யில் ஈராண்டுப் பயிற்சி முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரே இரண்டாமாண்டிலும், பின்னர் அவ்வாறே பொறியியல் கல்லூரியிலும் சேர வழியுண்டு.

விண்ணப்பம் நிரப்ப உதவி வேண்டுவோர் கூட்டம் முடிந்ததும் மேடையருகே வாருங்கள்.