எள் வயலில் எள் விழ இடம் வேண்டும்



கூட்டம் அதிகமாக இருந்தால் "எள்ளு போட்டா எள்ளு விழாது"ன்னு சொல்வோம் இல்லையா? இன்றைக்கு அந்த எள்ளைப் பற்றித்தான் பேசப் போகிறோம். எள் வயலிலேயே அப்படி ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டால் என்ன ஆகும்? பார்க்கிறவர் கண்ணுக்கு வயல் பச்சைப்பசேல்னு நிறைவாக இருக்கும். அறுவடை முடிந்து தூற்றும்போதுதான் மூட்டை குறைந்தது தெரியும்.

நீங்கள் விவசாயம் செய்யாதவராக இருக்கலாம். ஊரில் அப்பாவோ மாமாவோ மாசிப் பட்டத்தில் எள் விதைத்திருக்கலாம். அவருக்கு இதைப் படித்துக் காட்டுங்கள், அதுபோதும்.

கையில் இருக்கும் செல்போனில் கால்குலேட்டரைத் திறங்கள். ஏக்கருக்கு 2 கிலோ விதை போதும் என்பது பரிந்துரை. ஆயிரம் எள் விதை சுமார் 3 கிராம் எடை இருக்கும். அப்படியானால் 2 கிலோவில் ஆறரை லட்சம் விதைக்கு மேல் இருக்கிறது. ஒரு ஏக்கர் என்பது சுமார் 4,047 சதுர மீட்டர். வகுத்துப் பாருங்கள், ஒரு சதுர மீட்டருக்கு 160 விதைக்கு மேல் விழுகிறது. ஆனால் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் இடைவெளி வரிசைக்கு வரிசை 30 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 30 சென்டிமீட்டர். அந்தக் கணக்கில் சதுர மீட்டருக்கு 11 செடிதான் நிற்க வேண்டும்.

160 எங்கே, 11 எங்கே! எல்லா விதையும் முளைக்காது. எறும்பு கொஞ்சம் கொண்டுபோகும், மண் இறுகிக் கொஞ்சம் போகும். அதையெல்லாம் கழித்தாலும் தேவைக்குப் பல மடங்கு செடி நிற்கும். இதில் சிலர் பயந்துகொண்டு 3 கிலோ, 4 கிலோன்னு தூவுகிறார்கள்.

நெருக்கமாக நின்றால் என்ன கெட்டுப்போகிறது? எள் செடியில் காய், இலை இடுக்கில்தான் பிடிக்கும். பக்கத்துச் செடியின் நிழல் விழுந்தால் செடி வெளிச்சம் தேடி ஒல்லியாக மேலே போகும். கிளை விடாது. கீழ்க்கணுக்களில் காய் இருக்காது, உச்சியில் நாலைந்து காயோடு நிற்கும். காற்றடித்தால் சாயும். ஒரு காய்க்குள் இருக்கும் விதை எண்ணிக்கை பெரிதாக மாறாது. மாறுவது ஒரு செடியில் எத்தனை காய் என்பதுதான். அதை முடிவு செய்வது இடைவெளி.

ராஜஸ்தானில் கடுகு விவசாயிகளும் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள். கடுகுச் செடிக்கும் இடம் கிடைத்தால் பக்கக் கிளை நிறைய வரும், கிளைக்குக் கிளை காய் பிடிக்கும்.

அதற்காக ரொம்பத் தள்ளி விட்டாலும் நஷ்டம்தான். எள் முதல் மூன்று, நான்கு வாரம் மெதுவாகத்தான் வளரும். காலியாகக் கிடக்கும் இடத்தைக் களை பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு செடியும் நன்றாகக் காய்த்தாலும் ஏக்கருக்குச் செடி போதாது. நம் முன்னோர்கள் நெல்லுக்கு நண்டு ஓடும் இடைவெளி, வாழைக்கு வண்டி ஓடும் இடைவெளி என்று பயிருக்குப் பயிர் தனி அளவு சொன்னது சும்மா இல்லை.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். அதிகச் செடியைப் பிடுங்கி எடுப்பதற்குப் பயிர் கலைத்தல் என்று பெயர். விதைத்த 15-ஆம் நாள் செடிக்குச் செடி 15 சென்டிமீட்டர் இருக்கும்படி ஒருமுறை, 30-ஆம் நாள் 30 சென்டிமீட்டர் இருக்கும்படி இன்னொருமுறை. ஒரே தடவையில் ஏன் முடிக்கக் கூடாது? முதல் மாதத்தில் பூச்சியிலும் அழுகலிலும் சில செடி சாகும். அதற்குக் கையிருப்பு வேண்டும், அதனால்தான் இரண்டு தவணை.

இந்த வேலை பல வயல்களில் நடப்பதே இல்லை. காரணம் அறியாமை மட்டும் இல்லைங்க. முளைத்து நிற்கிற பச்சைப் பயிரைப் பிடுங்க யாருக்கும் மனசு வராது. "காசு போட்டு விதைச்சதை நாமே பிடுங்கறதா?"ன்னு கேட்பார்கள். இரண்டாவது, கூலி. இதற்குன்னு தனியாக ஆள் விட்டால் கட்டுப்படியாகாது என்ற கவலை நியாயமானதுதான். ஆனால் முதல் களையும் அதே 15-ஆம் நாளை ஒட்டித்தான் எடுக்கிறோம். களை எடுக்க வரும் அக்காமாரிடம் காலையிலேயே சொல்லிவிட்டால் போதும், களையோடு சேர்த்து நோஞ்சான் செடிகளையும் எடுத்துவிடுவார்கள். நாம் சொல்லாததால்தான் எள் செடியைத் தொடாமல் விட்டுவிட்டுப் போகிறார்கள்.

பிடுங்கும்போது மண் ஈரமாக இருக்கட்டும். காய்ந்த மண்ணில் ஒன்றை இழுத்தால் பக்கத்துச் செடியின் வேரும் சேர்ந்து வரும். எது திடமாக, நேராக இருக்கிறதோ அதை விட்டுவிட்டு மற்றதை எடுங்கள்.

செடி எத்தனை நிற்கிறது என்று தெரிந்துகொள்ள 4 குச்சியும் 4 மீட்டர் கயிறும் போதும். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரம் கட்டி, வயலில் ஐந்து இடத்தில் வைத்து உள்ளே இருக்கும் செடிகளை எண்ணுங்கள். வரப்போரம் வேண்டாம், நடுவில் எண்ணுங்கள். 30 சென்டிமீட்டர் வரிசை என்றால் முதல் கலைப்புக்குப் பிறகு 22 செடி, இரண்டாவதுக்குப் பிறகு 11 செடி இருந்தால் சரி. ஒவ்வொரு சதுரத்தையும் மேலிருந்து ஒரு போட்டோ எடுத்து வையுங்கள், பிறகு அலுவலரிடம் கேட்கும்போது உதவும்.

இனிமேல்தான் விதைக்கப் போகிறீர்கள் என்றால் வேலை இன்னும் சுலபம். ஒரு பங்கு விதையோடு நாலு பங்கு காய்ந்த மணல் கலந்து, 30 சென்டிமீட்டர் வரிசையில் சீராகத் தூவுங்கள். வரிசையில் இருந்தால் களை எடுப்பதும் கலைப்பதும் பாதி வேலையாகிவிடும். எள்ளில் கிளை விடும் ரகம், கிளை விடாத ரகம் என்று இருக்கிறது. விதை வாங்கும்போதே உங்கள் ரகத்துக்கு எந்த இடைவெளி என்று வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

உழவன் செயலியில் விதை இருப்பு, வானிலை, உங்கள் பகுதி உதவி வேளாண்மை அலுவலர் வரும் நாள் ஆகிய மூன்றையும் பார்க்கலாம். அவர் வரும் நாளும் உங்கள் 15-ஆம் நாளும் ஒட்டி வந்தால் வயலுக்கே அழைத்துப் போய்க் காட்டுங்கள். அவசரச் சந்தேகம் என்றால் கிசான் கால் சென்டர், 1800-180-1551. கட்டணம் இல்லை, காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை தமிழிலேயே பேசலாம். ரகத்தின் பெயர், விதைத்த தேதி, நீங்கள் எண்ணிய ஐந்து எண்கள் இவற்றைத் தயாராக வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள்.