இன்னைக்கு ராத்திரி எந்த ஊர்ல?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் போன் பண்ணி, "நீ ஏதோ பத்திரிகை நடத்துறியாமே, அதைப் பத்திப் பத்து நிமிஷம் பேசு"ன்னார். பத்திரிகை என்பது பெரிய வார்த்தை. நாலு பக்கம், மாதம் ஒரு தடவை, அடியில் 'தனிச்சுற்றுக்கு மட்டும்' என்று போட்ட ஒரு தாள். மதுரையைச் சுற்றி எந்த ஊரில், என்றைக்கு, கரகாட்டமா, ஒயிலாட்டமா, பறையா, வள்ளி திருமணம் நாடகமா என்கிற பட்டியல், அவ்வளவுதான். நடத்துவது நாலு பேர். மூன்று பேர் நம்ம கல்லூரி. நாலாவது ஆள் மேலூர்ப் பக்கத்துத் தவில்காரர். உண்மையான ஆசிரியர் அவர்தான், நாங்கள் எழுத்துப்பிழை பார்ப்பவர்கள்.

படிப்பு முடிந்து கொஞ்ச நாள் சென்னையில் வேலை பார்த்தேன். மார்கழி வந்தால் அங்கே எந்த சபாவில் எத்தனை மணிக்கு யார் கச்சேரி என்று புத்தகமே கிடைக்கும். எனக்குக் கச்சேரி புரியவில்லை, புத்தகம் பிடித்திருந்தது. நம்ம பக்கம் பங்குனி, சித்திரையில் ஒரே ராத்திரியில் எத்தனை ஊரில் நையாண்டி மேளம் கேட்கிறது! ஆனால் மறுநாள் டீக்கடையில்தான் தெரியும், "நேத்து அலங்காநல்லூர்ப் பக்கம் பிரமாதம்யா, நீ வரலையா?" என்று. இந்த வயிற்றெரிச்சலில்தான் 2014 தை மாதம் முதல் இதழ் போட்டோம். 200 பிரதி. பாதிக்கு மேல் எங்கள் வீட்டுப் பரணில் இருந்தது.

தேதி கேட்டு எழுதினால் முடிந்தது என்று நினைத்தோம். எஞ்சினியர் புத்தி! கிராமத்துத் திருவிழாவுக்கு சபா மாதிரி ஆறு மாதம் முன்னால் தேதி கிடையாது. ஊர் கூடிப் பேச வேண்டும், வரி பிரிக்க வேண்டும், பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை சாட்டுவார்கள். அதற்கு அப்புறம் எட்டாம் நாளோ பதினைந்தாம் நாளோதான் பொங்கல். சாட்டுவதற்கு முன்னால் ஊரில் ஒரு சாவு விழுந்தால் எல்லாமே தள்ளிப்போகும். போலீஸ் அனுமதி தனிக்கதை. கிடைக்காத ஊர்க்காரர்கள் ஹைகோர்ட் மதுரைக் கிளைக்கு மனுப் போடுவார்கள். அங்கிருந்து இத்தனை மணிக்குள் முடிக்கணும், ஆபாசம் கூடாது என்று நிபந்தனைகளோடு உத்தரவு வரும்போது சில நேரம் மேளக்காரர்கள் வேனில் ஏறியிருப்பார்கள். மாதப் பத்திரிகை இதை எப்படிப் பிடிப்பது?

தவில்காரர்தான் வழி சொன்னார். "ஊரைக் கேக்காதீங்க தம்பி, கலைஞரைக் கேளுங்க. அட்வான்ஸ் வாங்கினவனுக்குத் தேதி மறக்காது." அன்றிலிருந்து எங்கள் வேலை கலைஞர்களின் டைரியைப் பார்ப்பதுதான்.

ஸ்பெஷல் நாடகத்துக்கு இது ரொம்பப் பொருந்தும். சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) எழுதிய நாடகங்களை இன்றும் ஆடுகிறார்கள், ஆனால் கம்பெனி என்று ஒன்று கிடையாது. ராஜபார்ட் மதுரையிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் புதுக்கோட்டையிலிருந்து, பபூன் திண்டுக்கல்லிலிருந்து. ஒத்திகையே இல்லை. ராத்திரி பத்து மணிக்கு மேல் மேடையில்தான் ஒருத்தரை ஒருத்தர் பார்ப்பார்கள், விடிய விடியப் பாடுவார்கள். நாம் ஒரு மினி பிராஜெக்ட்டுக்கு நாலு பேர் சேர்ந்து எத்தனை சண்டை போட்டோம்! ஒலிபெருக்கி விதி 2000இல் வந்தது. ராத்திரி பத்து முதல் காலை ஆறு வரை கூடாது என்பது பொது விதி, திருவிழா மாதிரி நாட்களுக்குக் குறிப்பிட்ட அளவு சலுகை உண்டு, அதுவும் நள்ளிரவு வரைதான். விடிய விடிய நடக்க வேண்டிய கலைக்கு அது எவ்வளவு பெரிய இடி என்று கேட்பவர் யாருமில்லை. தூங்குகிறவனுக்கும் நியாயம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன்.

தப்பும் நிறையச் செய்தோம். இரண்டாம் வருஷம் உசிலம்பட்டிப் பக்கத்து ஊர் ஒன்றில் பொங்கல் தள்ளிப்போனது எங்களுக்குத் தெரியாது. பட்டியலை நம்பி ஒரு பெரியவர் பேரனைக் கூட்டிக்கொண்டு போய், இருட்டில் இறங்கி, கடைசி பஸ்ஸையும் விட்டுவிட்டார். "உங்க தாளை நம்பி மந்தையில படுத்தேன்" என்று கார்டு போட்டார். அதை இன்னும் மேஜைக் கண்ணாடிக்குக் கீழே வைத்திருக்கிறேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் 'உறுதி' அல்லது 'கேட்டுக்கொள்ளவும்' என்று போடுகிறோம்.

அதைவிடப் பெரிய தப்பு, போன் நம்பர். கலைஞருக்கு வேலை வருமே என்று நம்பர்களை அச்சடித்தோம். மூன்றாவது வாரம் கரகம் ஆடுகிற ஒரு அக்கா வீட்டுக்கே வந்துவிட்டார். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எவன் எவனோ கூப்பிட்டுக் கண்டபடி பேசுகிறானாம். "ஆட்டம்னா எதுக்கும் வருவான்னு நினைப்பு தம்பி. உங்க நல்ல மனசு எனக்குப் புருஷன்கிட்ட அடி வாங்கிக் கொடுத்துச்சு." எனக்குப் பதில் வரவில்லை. மீதிப் பிரதிகளில் அந்த நம்பர்களை நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்து மை வைத்து அழித்தோம். ஏற்கெனவே போன பிரதிகளை என்ன செய்ய முடியும்? அந்த அக்கா புது நம்பர் வாங்கினார், பழைய நம்பரில் வந்துகொண்டிருந்த தேதிகளும் அதோடு போயின. அதிலிருந்து எங்கள் ஒரு நம்பர்தான் இதழில் இருக்கும். விசாரித்துவிட்டு, சரியாகப் பட்டால்தான் கலைஞரிடம் கொடுப்போம்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. பங்குனி இதழ் அச்சாகிக் கட்டாக இருந்தது, அதில் ஒரு நிகழ்ச்சிகூட நடக்கவில்லை. அந்த வருஷமும் அடுத்த வருஷமும் அழகரே வைகையில் இறங்கவில்லை. அதே மார்ச் 29ஆம் தேதி பரவை முனியம்மா காலமானார். 'தூள்' படத்தில் 2003இல் பார்த்தவர்களுக்கு அவர் சினிமாக்காரர், எங்களுக்கு அவர் வைகைக் கரையில் பரவை ஊர்ப் பாட்டுக்காரி. கூட்டம் கூட முடியாத நாளில் போய்விட்டார்.

கலைஞர்களுக்குத் தை முதல் ஆடி வரை சம்பாதிப்பதுதான் வருஷச் சாப்பாடு. எங்களிடம் அச்சில் வராத ஒரு நோட்டு இருந்தது: பெயர், ஊர், வாத்தியம், நம்பர். அதை வைத்துக்கொண்டு நம்ம பேட்ச் ஆட்கள் கொடுத்த பணத்தில் அரிசி, பருப்பு கொண்டுபோனோம். இங்கே உட்கார்ந்திருக்கிற பல பேர் அனுப்பினீர்கள், பெயர் சொன்னால் அடிப்பீர்கள். அரசாங்க நிவாரணம் நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியத்தில் பதிந்தவர்களுக்கு வந்தது. பதியாதவர்கள் எங்கள் நோட்டில் ஏராளம். வாடிப்பட்டிப் பக்கத்து உறுமிக்காரர் ஒருவர் பின்னால் வாரியத்தில் சேர மனு எழுதும்போது, எங்கள் இதழில் தன் பெயர் வந்த பக்கங்களை வெட்டி, மஞ்சள் பையில் அடுக்கி வைத்திருந்ததைக் காட்டினார். "நான் வாசிச்சேன்னு எழுத்துல இருக்கிறது இது ஒண்ணுதான் சார்." நாங்கள் தேதிக்காகப் போட்ட பட்டியல். தேதி முடிந்த பிறகும் ஒருத்தர் அதைப் பத்திரமாக வைத்திருப்பார் என்று நினைக்கவே இல்லை. பழைய இதழ்களை அன்றுதான் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டினேன்.

2025இல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பறைக்காகப் பத்மஸ்ரீ கிடைத்தபோது தவில்காரர் ஸ்வீட் வாங்கி வந்தார். "நம்ம தாள்ல அவர் பேரு முன்னாடியே வந்துருச்சே" என்று ஒரே பெருமை.

மணி அடித்துவிட்டார்கள். ஒரு வேலை சொல்லிவிட்டு இறங்குகிறேன். உங்கள் ஊர்ச் சுவரில், டீக்கடையில், பஸ் ஸ்டாப்பில் திருவிழா நோட்டீஸ் கண்ணில் பட்டால் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். மேலே இருக்கும் சாமி படமும் தலைவர் படமும் வேண்டாம். கீழே சின்ன எழுத்தில் தேதியும் வாசிக்கிறவர்கள் பெயரும் இருக்கும், அது தெளிவாக விழுந்தால் போதும். பங்குனி இதழ் மாசி இருபதாம் தேதி அச்சுக்குப் போகிறது.