எழுத வராத ஞாயிறு

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சென்ற பத்து ஆண்டுகளாக நம் மலரில் தவறாது எழுதி வந்தவன் நான். இவ்வாண்டும் காரியதரிசி அவர்கள் கட்டுரை கேட்டபோது, வழக்கம்போல் தலையசைத்துவிட்டேன். ஐப்பசி பிறந்து மூன்று ஞாயிறுகள் கழிந்தன. காகிதம் வெள்ளையாகவே கிடந்தது. பார்சல் ஆபீஸில் நாள் முழுதும் எழுதும் கைக்கு, வீட்டில் ஒரு வரி ஓடவில்லை.

காரணம் எனக்குத் தெரியாமலில்லை. என் தாயார் எழுத்தறியாதவர். ஆயினும் எதை எழுதினாலும் முதலில் அவருக்கு வாசித்துக் காட்டுவேன். புரியாத சொல் வந்தால், "அதை எடுத்துப்போடு" என்பார், நானும் அடித்துவிடுவேன். சென்ற மாசியில் அவர் காலமானார். வாசித்துக் காட்ட ஆளில்லை என்றதும் எழுதவும் ஒன்றுமில்லாமற் போயிற்று.

நான்காம் ஞாயிறு. கல்பாத்தித் தேருக்கு உறவினர் வருவார்களென்று வீட்டில் வெள்ளையடிப்பு நடந்துகொண்டிருந்தது. "மேசையைத் தேய்த்தது போதும், குழந்தையை எங்கேயாவது அழைத்துப் போங்கள்" என்றாள் என் மனைவி. எட்டாம் வகுப்பில் மலையாளம் படிக்கும் என் மகள், "தஸ்ராக் போகலாம் அப்பா" என்றாள்.

பாலக்காட்டிலிருந்து தஸ்ராக் அதிக தூரமில்லை; வயல்களும் கரும்பனைகளும் சூழ்ந்த சிற்றூர். 1956-ல் அங்கிருந்த ஓராசிரியர் பள்ளிக்கு ஓர் அம்மையார் ஆசிரியையாக வந்தார். அவருடன் வந்து தங்கிய சகோதரர்தாம் ஓ. வி. விஜயன். அவ்வூரைக் கண்டு அவர் எழுதத் தொடங்கிய 'கசாக்கின் இதிகாசம்', மாத்ருபூமி வார இதழில் 1968-ல்தான் தொடராக வந்தது, நூலானது 1969-ல். யூமா வாசுகி அதைத் தமிழில் பெயர்த்திருக்கிறார்.

நான் மலையாளத்தை எழுத்துக்கூட்டி வாசிப்பவன். ஆகவே, நினைவிடத்தில் எழுதியிருந்தவற்றை மகள் வாசிக்க, நான் கேட்டுக்கொண்டு வந்தேன். திடீரென்று அவள் கேட்டாள்: "ஒரு புத்தகத்துக்குப் பன்னிரண்டு வருஷமா? நடுவில் என்னதான் செய்தார்?"

1958-ல் டெல்லி சென்று, 'சங்கர்ஸ் வீக்லி'யில் கேலிச்சித்திரம் வரைந்தார் என்றேன். சொன்ன பிறகே அது என் மனத்தில் உறைத்தது. கதை முடியாத காலத்தும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை. வேறொரு வேலையில் இருந்தது. பார்சல் ரசீது எழுதுவதை நான் சித்திரத்துக்கு ஒப்பிடவில்லை! ஆயினும் சற்றே ஆறுதலாயிருந்தது.

நம் மௌனியையும் நினைத்துக்கொண்டேன். 1936-ல் மணிக்கொடியில் எழுத வந்தவர், 1985-ல் மறையும்வரை எழுதியவை 24 சிறுகதைகளே. புனைபெயருக்கேற்ற மௌனம் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. எனக்கு அவ்வேடிக்கை பிடிப்பதில்லை. எழுத வராதவன் உள்ளே எவ்வளவு ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறான் என்பதை என் மூன்று ஞாயிறுகளில் நானே அறிந்தேன்.

பிற்பகலில் கிழக்கே மலைமேல் மேகம் திரண்டது. துலா மழை இடியோடு வந்தது. ஒரு டீக்கடையில் ஒதுங்கினோம். "உங்கள் காரியதரிசி மாமா பன்னிரண்டு வருஷம் பொறுப்பாரா?" என்றாள் மகள். செவ்வாய்க்கிழமை வரைதான் பொறுப்பார் என்றேன்.

அன்றிரவு, சுண்ணாம்பு வாசம் மாறாத அறையில், இப்போது நீங்கள் கேட்கும் இவ்வரிகளை எழுதினேன். தமிழ் வாசிக்க மகளுக்கு இன்னும் சரளமாக வராது. எனவே நானே உரக்க வாசித்தேன். மழை வந்த இடத்தில், "எழிலி திரண்டது" என்று சற்றுப் படாடோபமாக எழுதியிருந்தேன்.

"எழிலியா? அது யார் அப்பா?" என்றாள்.

அடித்துவிட்டு, 'மேகம்' என்று எழுதினேன்.