கூரையைப் பிரித்தவர்கள் வேய்ந்தார்களா?

(தேர்தற் சட்டத் திருத்தங்கள் பற்றிக் கொழும்பு கொம்பனித்தெருவில் கூடிய பொதுக்கூட்டத்தில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



நாம் கூடியிருக்கும் இந்த இடத்தை ஆங்கிலேயர் அடிமைத்தீவு என்று தம் மொழியில் எழுதி வைத்தனர். ஒல்லாந்தர் ஆண்ட நாளில், பகல் முழுவதும் கோட்டைக்குள் வேலை வாங்கப்பட்ட அடிமைகள் இரவில் பேர வாவியின் இந்தப் பக்கத்தில் அடைத்து வைக்கப்பட்டனர் என்பது அப்பெயரின் வரலாறு. இன்று இதே மண்ணில் தமிழரும் முஸ்லிம்களும் மலாயரும் சிங்களவரும் ஒரே ஒழுங்கையில் சுவரோடு சுவராகக் குடியிருக்கிறோம். அந்த அடிமைக்கும் இன்றைய குடிமகனுக்கும் உள்ள வேற்றுமை யாது? அவன் உண்டான், உறங்கினான், உழைத்தான். தன்னை ஆள்பவனை மாற்றும் உரிமை மட்டும் அவனுக்கு இருக்கவில்லை. அந்த உரிமையைத்தான் நாம் வாக்கு என்கிறோம்.

வாக்குரிமையைப் பறிப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, வாக்காளரின் பெயரை வெட்டுவது. இரண்டாவது, பெயரை அப்படியே இருக்க விட்டுத் தேர்தலை இல்லாமற் செய்வது. இவ்விரண்டையும் இந்நாடு கண்டிருக்கிறது. இரண்டும் சட்டத்தின் பெயராலேயே நடந்தன என்பதைத்தான் சட்டப் புத்தகத்தோடு காலங்கழிக்கும் நாம் உங்களுக்கு எடுத்துக்கூற வந்திருக்கிறோம்.

முதல் வழியைப் பாருங்கள். 1931இல் டொனமூர் அரசியலமைப்பு இந்நாட்டில் ஆணுக்கும் பெண்ணுக்கும் வாக்குரிமை தந்தது. 1947இல் நடந்த முதற் பாராளுமன்றத் தேர்தலில் மலையகத் தோட்டத் தொழிலாளர் தம் வாக்கினால் ஏழு பிரதிநிதிகளை அனுப்பினர். அடுத்த ஆண்டே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் தேர்தற் சட்டத் திருத்தம் வந்தது. குடியுரிமை இல்லாதவருக்கு வாக்கில்லை என்றது அது. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அந்த ஏழு ஆசனங்களும் இல்லாமற் போயின. கோடகன்பிள்ளை என்பாரின் வழக்கு இலண்டன் கோமறைக் கழகம் வரை சென்று 1953இல் தோற்றது. சட்டத்தில் எந்த இனத்தின் பெயரும் இல்லையே என்றது நீதிமன்றம். பெயர் சொல்லாமலே ஒரு மக்களின் கையை வெட்டலாம் என்று அன்று கற்றோம்.

ஆனால் அவர்களைத் தலையெண்ணிக்கையில் மட்டும் விடாமற் சேர்த்துக்கொண்டனர். தொகுதிகளைப் பிரிக்கும்போது தோட்டத் தொழிலாளரும் சனத்தொகையிற் கணக்கிடப்பட்டனர். வாக்களிக்கும்போது அவர்கள் வெளியே நின்றனர். அவர்களின் தலைக்குக் கிடைத்த ஆசனத்தில் வேறொருவர் அமர்ந்தார்.

இரண்டாவது வழி இதனிலும் நுட்பமானது. 1970இல் ஐந்தாண்டுக்குத் தெரிவான பாராளுமன்றம், 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பின் துணையோடு 1977 வரை நீடித்தது. அதே 1972இல் தந்தை செல்வநாயகம் அவர்கள் அந்த அரசியலமைப்பை எதிர்த்துக் காங்கேசன்துறை ஆசனத்தைத் துறந்து, மக்கள் தீர்ப்பைக் கேட்போம் என்று அறைகூவினார். இடைத்தேர்தல் நடந்தது 1975 பெப்ரவரியில். ஒரு தொகுதி இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகப் பிரதிநிதியின்றிக் காத்திருந்தது. பின்னர் 1982 டிசம்பர் 22ஆம் நாள் விளக்கையும் குடத்தையும் சின்னமாக வைத்து ஒரு சர்வசன வாக்கெடுப்பு நடத்தினர். பொதுத் தேர்தல் வேண்டாம் என்று சொல்ல ஒரு வாக்கெடுப்பு! பாராளுமன்றத்தின் ஆயுள் மேலும் ஆறாண்டு நீண்டது.

இனி நம் காலத்துக்கு வருவோம். 1987இல் பதின்மூன்றாவது திருத்தத்தோடு மாகாண சபைகள் பிறந்தன. 1988ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம் விகிதாசார முறையில் அவற்றுக்குத் தேர்தல் நடத்த வழி செய்தது. வட மாகாணத்துக்கென்று முதன்முதலாகத் தேர்தல் நடந்தது 2013 செப்டெம்பர் 21ஆம் நாள். கால் நூற்றாண்டு காத்திருந்து பெற்ற சபை அது. அதற்கு அடுத்த ஆண்டு செப்டெம்பரில் ஊவாவில் நடந்ததே நாம் கண்ட கடைசி மாகாண சபைத் தேர்தல்.

ஏன் அதன்பின் நடக்கவில்லை? யாராவது மாகாண சபைத் தேர்தலைத் தடைசெய்து சட்டம் இயற்றினார்களா? இல்லை. தேர்தல் முறையைச் சீர்திருத்துகிறோம் என்றார்கள்.

2017இல் எல்லாச் சபைகளுக்கும் ஒரே நாளில் தேர்தல் என்று சொல்லி அரசியலமைப்புத் திருத்தமொன்றைக் கொண்டுவந்தனர். அதற்கு மூன்றிலிரண்டு பெரும்பான்மையோடு மக்களின் சர்வசன அங்கீகாரமும் வேண்டும் என்றது உயர் நீதிமன்றம். உடனே அவர்கள் வேறு வழி தேடினர். பெண் வேட்பாளர் தொகையை உயர்த்துவதற்கென்று முன்வைக்கப்பட்டிருந்த ஒரு சட்டமூலம் சபையில் இருந்தது. 2017 செப்டெம்பர் 20ஆம் நாள், அதன் குழுநிலை விவாதத்தில், பக்கம் பக்கமாகத் திருத்தங்களைப் புகுத்தித் தேர்தல் முறையையே மாற்றிவிட்டனர். பாதி தொகுதிவாரி, பாதி விகிதாசாரம் என்ற கலப்பு முறை அன்று பிறந்தது.

ஒரு சட்டமூலத்தை எதிர்த்து வழக்காட அன்று குடிமகனுக்கு இருந்த காலம் ஒரே கிழமை. அது சபையின் ஒழுங்குப் பத்திரத்தில் ஏறிய நாளிலிருந்து அந்தக் கிழமை ஓடும். நிறைவேறிய பின் எந்த நீதிமன்றமும் அதைத் தொட முடியாது. குழுநிலையில் புகுத்தப்பட்டதை எந்தக் குடிமகன் எந்த நாளில் எதிர்ப்பது? கதவைத் தாழிட்ட பிறகல்லவா நமக்கு அழைப்பு வந்தது!

நம் வீட்டுக் குற்றத்தையும் மறைக்காமற் சொல்வோம். தமிழ் பேசும் மக்களின் பிரதிநிதிகளும் அன்று அதற்கு ஆதரவாகவே வாக்களித்தனர். தொகுதிவாரியின் பங்கு அறுபது விழுக்காடாக இருந்ததை ஐம்பதாகக் குறைத்துக்கொண்டோம் என்று ஆறுதலும் சொன்னார்கள். பங்கைப் பேசியவர்கள் நாளைப் பேச மறந்தார்கள். புதிய முறை ஆயத்தமாகும் வரை பழைய முறை நிலைக்கும் என்ற ஒரேயொரு வாக்கியத்தை அச்சட்டத்தில் எழுதுவித்திருந்தால், இன்று இந்தக் கூட்டத்துக்கே தேவை இருந்திராது.

நடந்தது என்ன? எல்லைகளை வகுக்க ஐவர் குழு அமைந்தது. அதன் அறிக்கை 2018 ஆகஸ்டு 24ஆம் நாள் பாராளுமன்றத்தில் வாக்குக்கு வந்தது. எதிராக 139 வாக்குகள், ஆதரவாக ஒன்றுமில்லை. அதை முன்வைத்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். பின்னர் பிரதம மந்திரி தலைமையில் மீளாய்வுக் குழு அமைந்தது. இரண்டு மாதங்களில் அறிக்கை தரவேண்டும் என்றது சட்டம். அறிக்கை வரவேயில்லை. 2019இல் ஜனாதிபதி உயர் நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டார். புதிய எல்லைகள் இல்லாமற் புதிய முறையில் தேர்தல் நடத்த இயலாது. சட்டத்தைத் திருத்தாமற் பழைய முறையிலும் இயலாது என்பது விடையாயிற்று. அந்த ஆண்டு முடிவதற்குள் ஒன்பது சபைகளின் ஆயுளும் முடிந்தது.

கமக்காரப் பெருமக்களே, புரட்டாதி மாதத்தில் ஒருவர் வந்து, “உங்கள் வீட்டுக் கூரை பழையது, நல்ல கூரை வேய்ந்து தருகிறோம்” என்று சொல்லிப் பழைய ஓலையெல்லாம் பிரித்துப் போட்டுவிட்டு, புதிய ஓலை இன்னும் வெட்டப்படவில்லை என்று கையை விரித்தால் என்ன செய்வீர்கள்? ஐப்பசி மழை அவருக்காகக் காத்திருக்குமா? 2017 புரட்டாதியில் பிரித்த கூரை அது. அதன்பின் எத்தனை மாரி கடந்துவிட்டது!

மாகாண சபை இல்லாவிட்டால் நமக்கென்ன என்று படித்தவர் சிலரும் கேட்கிறார்கள். சிறிய குளங்களும் வாய்க்கால்களும், கமத்தொழில் விரிவாக்கமும், பெரும்பாலான பாடசாலைகளும் மருத்துவமனைகளும், மாகாண வீதிகளும் அந்தச் சபையின் பொறுப்பில் உள்ளவை. சபை இல்லாதபோது அவ்வேலைகள் நின்றுவிடுவதில்லை. ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநரின் கையிற் போகின்றன. குளக்கட்டு உடைந்தால் கமக்காரன் கேட்கப்போவது தான் தெரிவு செய்யாத ஒருவரிடம். அடுத்த தேர்தலில் அவரைத் தண்டிக்கவும் முடியாது, போற்றவும் முடியாது.

இனி, எந்த முறை நல்லது என்ற கேள்வி. பழைய விகிதாசார முறையில் குறையில்லை என்று நாம் வாதாட வரவில்லை. விருப்பு வாக்குக்காக ஒரே கட்சிக்காரர் ஒருவரையொருவர் வெட்டுவதையும், மாவட்டம் முழுவதும் பணத்தை இறைப்பதையும் கண்டிருக்கிறோம். எங்கள் ஊருக்கென்று ஓர் அங்கத்தவர் இல்லை என்ற கிராமத்தவரின் முறைப்பாடும் நியாயமானதே. ஆனால் மருந்து நோயிலும் கொடியதாகிவிடக் கூடாது.

ஒரு கணக்குச் சொல்வோம். ஒரு மாகாணத்தில் இருபது ஆசனங்கள். அங்கே நூற்றுக்குப் பதினைந்து பேர் சிறுபான்மையினர். எல்லாத் தொகுதியிலும் சமமாகச் சிதறி வாழ்கின்றனர். தனித் தொகுதி முறையில் எந்தத் தொகுதியிலும் அவர்கள் வெல்ல மாட்டார்கள், ஆசனம் பூச்சியம். விகிதாசார முறையில் மூன்று ஆசனம். பத்துத் தொகுதியும் பத்துப் பட்டியலுமான கலப்பு முறையில்? இருபது ஆசனத்துக்கும் பங்கு பார்த்துவிட்டுத் தொகுதியில் வென்றதைக் கழித்தால், அவர்களுக்கு மூன்றும் கிடைக்கும். பட்டியலின் பத்தை மட்டும் தனியே பங்கிட்டால் ஒன்றோ இரண்டோதான். ஆகவே கலப்பு முறை என்ற சொல்லைக் கேட்டவுடன் மகிழவும் வேண்டாம், மருளவும் வேண்டாம். எதைப் பங்கிடுகிறீர்கள், எதைக் கழிக்கிறீர்கள் என்று கேளுங்கள்.

இதில் வடக்கின் நலன் வேறு, கொழும்பின் நலன் வேறு என்பதையும் ஒளிக்காமற் பேசுவோம். 1977இல் தொகுதிவாரித் தேர்தலில் சுதந்திரக் கட்சிக்கு ஏறத்தாழ நூற்றுக்கு முப்பது வாக்கு. கிடைத்தது எட்டு ஆசனம். தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு நூற்றுக்கு ஏழு வாக்கும் இல்லை; கிடைத்தது பதினெட்டு. செறிந்து வாழ்பவருக்குத் தொகுதி முறை பாலூட்டும்; சிதறி வாழ்பவரைப் பட்டினி போடும். யாழ்ப்பாணத்தவருக்கு வசதி என்பதற்காக வெள்ளவத்தையையும் கொட்டாஞ்சேனையையும், கண்டியையும் இரத்தினபுரியையும் புத்தளத்தையும் கைவிடுவது அறமாகுமா?

தொகுதியும் வேண்டும், கலந்து வாழ்பவருக்கு இடமும் வேண்டும் என்றால் அதற்கு முன்மாதிரி நம் ஊரிலேயே உண்டு. 1947இல் கொழும்பு மத்தி மூன்று அங்கத்தவர் தொகுதி. வாக்காளருக்கு மூன்று வாக்கு. மூன்றையும் ஒருவருக்கே அளிக்கலாம். வென்றவர்கள் ஏ. ஈ. குணசிங்க, பீட்டர் கெனமன், ரீ. பி. ஜாயா. ஒருவர் சிங்களவர், ஒருவர் பறங்கியர், ஒருவர் மலாயர். இந்த நகரத்தின் முகம் அந்த மூவரிடத்தில் தெரிந்தது. தனித் தொகுதிகளாக வெட்டியிருந்தால் தெரிந்திருக்குமா?

ஆகவே நாம் கேட்பவை மூன்று.

முதலாவது, அடுத்த மாகாண சபைத் தேர்தலை 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் முறைப்படியே நடத்தச் சிறியதொரு திருத்தத்தை நிறைவேற்றுங்கள். இதற்கான தனிநபர் சட்டமூலங்கள் பாராளுமன்றத்தில் முன்னரே வைக்கப்பட்டவை. நூறு பக்கச் சட்டம் தேவையில்லை. மனம் இருந்தால் ஒரு பக்கம் போதும்.

இரண்டாவது, இனி எந்தத் தேர்தற் சட்டத்தைத் திருத்தினாலும், புதிய ஏற்பாடு முழுமையாகும் வரை பழையது உயிரோடிருக்கும் என்ற வாசகம் அதில் இருக்கவேண்டும். அந்த வாசகம் இல்லாத மசோதாவுக்கு, அது எவ்வளவு அழகானதாயினும், நம் பிரதிநிதிகள் கை உயர்த்தக் கூடாது. 2023 மார்ச்சில் நடக்கவேண்டிய உள்ளூராட்சித் தேர்தல் பணமில்லை என்று தள்ளிப்போடப்பட்டபோது, அது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. 2025 மே 6ஆம் நாள் தேர்தல் நடந்தது. சட்டம் உயிரோடிருந்தபடியால் நீதிமன்றத்தின் கையில் ஆயுதம் இருந்தது. மாகாண சபை விடயத்தில் அந்த ஆயுதத்தையே உருக்கிவிட்டனர்.

மூன்றாவது கோரிக்கை அரசாங்கத்திடமன்று, உங்களிடம். வாக்காளர் இடாப்பில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். மாவட்டங்களின் பாராளுமன்ற ஆசனங்களில் பெரும்பகுதி பதிவுபெற்ற வாக்காளர் தொகைக்கு ஏற்பவே பங்கிடப்படுகிறது. 2010இல் ஒன்பது ஆசனம் பெற்ற யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம் 2015இல் ஏழாகி, 2024இல் ஆறாயிற்று. போரும் புலம்பெயர்வும் செய்த குறையை நம் சோம்பலும் பெருக்கக் கூடாது. இந்தக் கொம்பனித்தெருவிலும் வீடு இடிபட்டு, மாடிக் குடியிருப்புகளுக்குப் பெயர்க்கப்பட்டவர்கள் பலர். பழைய முகவரி போயிற்று. புதிய முகவரியில் பெயர் ஏறிற்றா? கிராம உத்தியோகத்தர் வருவார் என்று காத்திராதீர்கள். நீங்களே போய்க் கேளுங்கள். சட்டத்தரணிகளும் ஆசிரியர்களும் ஆளுக்கொரு ஒழுங்கையைப் பொறுப்பேற்று, படிவம் நிரப்பத் தெரியாத தாய்மாருக்கு நிரப்பிக் கொடுங்கள்.

1949இல் நம்மவர் பெயரைப் பிறர் வெட்டினர். அதை இன்றுவரை பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். ஆனால் நம் பெயரை நாமே எழுதாமல் விட்டுவிட்டு யாரை நோவது?

நாளை காலை இடாப்பைப் பாருங்கள். பார்த்துவிட்டு, உங்கள் பிரதிநிதியிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: ஐயா, பிரித்த கூரையை எப்போது வேய்வீர்கள்?