உழுதவர் கணக்குப் பார்க்கட்டும்

(டெல்டா பகுதி அரசு மேல்நிலைப்பள்ளி ஒன்றில் வேளாண் அறிவியல் பிரிவு மாணவர்கள், பெற்றோர், ஆசிரியர்கள் கூடிய நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைமையாசிரியர் அவர்களே, வேளாண் அறிவியல் ஆசிரியர் அவர்களே, வயல் வேலையை விட்டுட்டு வந்திருக்கிற பெற்றோர்களே, முன்வரிசையில் இருக்கிற பிளஸ் ஒன், பிளஸ் டூ தம்பி தங்கைகளே!

நான் வேளாண் பட்டதாரி இல்லை. இதழியல் படித்தவள். அரசுத் திட்டங்களை மக்களுக்குப் புரிகிற மாதிரி எழுதுவது என் வேலை. அதனால் நாற்று எப்படி நடுவது என்று உங்களுக்கு நான் சொல்லித்தரப் போவதில்லை. அதை நீங்கள்தான் எனக்குச் சொல்லித்தர வேண்டும். நான் பேச வந்தது உங்கள் பாடப்புத்தகத்தில் இருக்கிற இரண்டு பாடங்களைப் பற்றி. ஒன்று, பண்ணைப் பதிவேடு. இன்னொன்று, பயிர்ச் சத்து. இரண்டும் தனித்தனிப் பாடமாக இருக்கின்றன. ஆனால் வயலில் இரண்டும் ஒரே பாடம்.

"உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது." இந்தப் பழமொழி தெரியாதவர் இங்கே யாரும் இருக்க மாட்டீர்கள். உழக்கு என்றால் கால் படி. அதுகூட மிஞ்சாது என்பது ஒரு பெருமூச்சு. ஆனால் நாளடைவில் நாம் அதை ஒரு அறிவுரையாக எடுத்துக்கொண்டோம். "கணக்குப் பார்க்காதே, பார்த்தா மனசு விட்டுப் போயிடும்" என்கிற மாதிரி. கொஞ்சம் யோசிங்க. கணக்குப் பார்த்ததால் உழக்கு காணாமல் போகவில்லை. பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் போயிருக்கும். பார்த்தால், எங்கே போச்சுன்னு தெரியும். அது தெரிந்தால்தானே அடுத்த பட்டத்தில் அதைத் தடுக்க முடியும்?

ஒரு நோட்டு, ஆறு கட்டம்

பாடத்தில் பல பதிவேடுகள் வருகின்றன: இருப்புப் பதிவேடு, பயிர்ப் பதிவேடு, வேலையாள் பதிவேடு, ரொக்கப் பதிவேடு. தேர்வுக்கு எல்லாவற்றையும் படியுங்கள். வீட்டுக்கு ஒரே ஒரு நோட்டு போதும்.

ஒரு செய்தி எழுதும்போது யார், என்ன, எப்போது, எங்கே, எவ்வளவு என்று கேட்டுத்தான் எழுத வேண்டும் என்று எங்களுக்குக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார்கள். வயல் நோட்டும் அதேதான். ஆறு கட்டம் போடுங்கள்: தேதி, எந்த வயல், என்ன வேலை, என்ன பொருள் எவ்வளவு, யார் எத்தனை ஆள், எவ்வளவு பணம்.

இதில் இரண்டு விஷயத்தில் கறாராக இருக்க வேண்டும். ஒன்று தேதி. "ஐப்பசி கடைசியில" என்று எழுதாதீர்கள். ஆங்கிலத் தேதியாகவே போடுங்கள். நட்டு எத்தனை நாள் ஆச்சு என்பதை வைத்துத்தான் மேலுரம், களை, தண்ணீர் எல்லாம். இன்னொன்று அளவு. "ரெண்டு மூட்டை போட்டோம்" என்பது அளவே இல்லை. யூரியா மூட்டை 45 கிலோ, டிஏபி மூட்டை 50 கிலோ. கிலோவில் எழுதுங்கள். வயலுக்குப் பெயர் எழுதும்போது "மேலவயல்" என்று எழுதிவிட்டு, பக்கத்தில் புல எண்ணையும் உட்பிரிவு எண்ணையும் எழுதுங்கள். காரணம் பிறகு சொல்கிறேன்.

வீட்டு ஆளுக்கும் கூலி போடுங்க

பெற்றோர்கள் கொஞ்சம் கவனியுங்கள். செலவு எழுதச் சொன்னால் நாம் என்ன எழுதுவோம்? டிராக்டர், விதை, உரம், வெளியாள் கூலி. அம்மா 12 நாள் களை எடுத்தது? அப்பா ராத்திரி மோட்டார் போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்திருந்தது? அதற்கு நோட்டில் இடமே இருக்காது. ஏனென்றால் கையிலிருந்து காசு போகவில்லை.

குறைந்தபட்ச ஆதரவு விலையைப் பரிந்துரைக்கும் வேளாண் செலவுகள் மற்றும் விலைகள் ஆணையம் எப்படிக் கணக்கிடுகிறது தெரியுமா? கையிலிருந்து போன செலவோடு, குடும்பத்தினர் உழைப்புக்கும் ஒரு மதிப்புப் போட்டுச் சேர்க்கிறது. அரசாங்கத்தின் கணக்கிலேயே அம்மாவின் உழைப்புக்கு ஒரு கட்டம் இருக்கிறது. நம் வீட்டு நோட்டில் இல்லை.

ஒரு நாள் கூலி 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 12 நாளுக்கு 3,600 ரூபாய். அதை எழுதுங்கள். யாரும் கொடுக்கப் போவதில்லை, சரி. ஆனால் எழுதின பிறகுதான் லாபம் என்று நாம் நினைப்பதில் எவ்வளவு நிஜமான லாபம், எவ்வளவு அம்மாவின் கூலி என்பது தெரியும்.

ஹெக்டேரிலிருந்து மாவுக்கு

அடுத்து சத்து. செடிக்கு அதிகமாகத் தேவைப்படுபவை தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து. தழைச்சத்து இலைக்கும் தூர் கட்டுவதற்கும். மணிச்சத்து வேருக்கும் பூ, மணி பிடிப்பதற்கும். சாம்பல்சத்து தண்டு உறுதிக்கும், நோயையும் வறட்சியையும் தாங்குவதற்கும். இது உங்களுக்கு மனப்பாடம். சிக்கல் எங்கே வருகிறது என்றால், புத்தகம் ஹெக்டேரில் பேசுகிறது, அப்பா மாவில் பேசுகிறார், கடைக்காரர் மூட்டையில் பேசுகிறார். மூன்றையும் இணைக்க வேண்டிய ஆள் நீங்கள்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மண் பரிசோதனை செய்யாத நிலத்தில், சம்பா பட்டத்து மத்திய, நீண்டகால நெல்லுக்கு ஹெக்டேருக்கு 150:50:50 கிலோ என்பது பொதுப் பரிந்துரை. ஒரு ஹெக்டேர் என்பது ஏறக்குறைய இரண்டரை ஏக்கர். ஆக ஏக்கருக்கு 60:20:20 கிலோ.

டிஏபியில் 46 சதவீதம் மணிச்சத்து, 18 சதவீதம் தழைச்சத்து. 20 கிலோ மணிச்சத்து வேண்டுமானால் 43.5 கிலோ டிஏபி. அதோடு 7.8 கிலோ தழைச்சத்தும் வந்துவிடுகிறது. 60-இல் 7.8 போனால் மீதி 52.2 கிலோ. யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. ஆக 113 கிலோ யூரியா, அதாவது சுமார் இரண்டரை மூட்டை. பொட்டாஷில் 60 சதவீதம், அதனால் 33 கிலோ. ஒரு ஏக்கர் மூன்று மா. எல்லாவற்றையும் மூன்றால் வகுத்தால் அப்பாவின் கணக்கு வந்துவிடும்: ஒரு மாவுக்கு டிஏபி 14.5 கிலோ, யூரியா 38 கிலோ, பொட்டாஷ் 11 கிலோ.

டிஏபியிலும் தழைச்சத்து இருக்கிறது என்பதைக் கழிக்க மறந்தால், ஏக்கருக்கு 17 கிலோ யூரியா கூடுதலாக வயலுக்குப் போய்விடும். இந்தக் கழித்தல் கணக்கு ஆறாம் வகுப்புக் கணக்குதான். ஆனால் எத்தனை வீட்டில் போடுகிறோம்?

மலிவான மூட்டை

"யூரியா மலிவுதானே, ஒரு மூட்டை கூடப் போட்டா என்ன?" என்று கேட்கலாம். 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு. டிஏபி மூட்டை 1,350 ரூபாய். அதனால் கை இயல்பாகவே யூரியா பக்கம்தான் போகும். போட்ட சில நாளில் பயிர் கரும்பச்சையாக நிற்கும். பார்க்கவே ஆசையாக இருக்கும்.

ஆனால் தழைச்சத்து மிகுந்த பயிரில் இலை மென்மையாக, அடர்த்தியாக இருக்கும். புகையானுக்கும் இலைச்சுருட்டுப் புழுவுக்கும் குலைநோய்க்கும் அதுதான் தோது. தண்டு நீண்டு, காற்றடித்தால் சாயும். அப்புறம் மருந்துக் கடை. மருந்தடிக்க ஆள் கூலி. சாய்ந்த பயிரை அறுக்க மெஷின் கூடுதல் நேரம்.

இங்கேதான் நான் முதலில் சொன்ன இரண்டு பாடமும் ஒன்றாகின்றன. 266 ரூபாய் உரக் கட்டத்தில் இருக்கும். அதனால் வந்த செலவு மருந்துக் கட்டத்தில் இருக்கும். மனசில் கணக்கு வைத்திருப்பவருக்கு இரண்டும் வேற வேற செலவு. நோட்டில் தேதியோடு எழுதியவருக்கு, மேலுரம் போட்ட தேதிக்குச் சில வாரம் கழித்து மருந்துச் செலவு வந்திருப்பது கண்ணில் படும். ஒரு பட்டத்தில் படாவிட்டாலும் மூன்று பட்டம் எழுதினால் படும். பூச்சிக்கு வேறு காரணமும் இருக்கலாம். ஆனால் சந்தேகப்படவாவது நோட்டு வேண்டும்.

மண்ணைக் கேளுங்க, இலையைக் கேளுங்க

நான் சொன்ன 150:50:50 எல்லோருக்குமான பொது அளவு. உங்கள் வயலுக்கான அளவை உங்கள் மண்தான் சொல்லும். 2015-இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் 12 விவரங்கள் பார்க்கிறார்கள்: கார அமில நிலை, உப்பின் அளவு, அங்ககக் கரிமம், தழை, மணி, சாம்பல், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான். அங்ககக் கரிமம் 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் குறைவு என்று அர்த்தம். தொழு உரம், தக்கைப்பூண்டு பக்கம் போக வேண்டும்.

மண் எடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அறுவடை முடிந்து, உரம் போடும் முன் எடுங்கள். வரப்பு, வாய்க்கால், மரநிழல், எருக்குவியல் இருந்த இடம் வேண்டாம். வயலில் 10 முதல் 15 இடங்களில் ஆங்கில 'வி' வடிவில் 15 செ.மீ. ஆழம் வெட்டி, பக்கவாட்டு மண்ணைச் சுரண்டி எடுங்கள். ஒன்றாகக் கலந்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகளை நீக்கிக்கொண்டே வந்து அரைக் கிலோவாக்கி, நிழலில் உலர்த்துங்கள். ஒரே இடத்தில் ஒரு கைப்பிடி அள்ளிக்கொண்டு போனால், அட்டையில் வருவது அந்த ஒரு கைப்பிடியின் விவரம்தான்.

பயிர் நிற்கும்போது இலை வண்ண அட்டை. நட்ட 14-ஆம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை, முழுதாக விரிந்த மேல் இலையின் நடுப்பகுதியை அட்டையோடு ஒப்பிட வேண்டும். வெயில் நேராகப் படாமல் உங்கள் நிழலில் வைத்துப் பாருங்கள். பத்து இலையில் ஆறு, நான்காம் எண்ணுக்குக் கீழே இருந்தால் தழைச்சத்து கொடுக்கலாம். வெள்ளைப் பொன்னி மாதிரி ரகத்துக்கு மூன்றாம் எண். இல்லையென்றால் மூட்டையைப் பிரிக்க வேண்டாம்.

வெளிறின இலை எல்லாம் யூரியா கேட்கவில்லை. தழைச்சத்துக் குறைவு கீழ் இலையில் முதலில் தெரியும், இரும்புச்சத்துக் குறைவு இளம் இலையில் தெரியும். நட்டு இரண்டு முதல் நான்கு வாரத்தில் கீழ் இலைகளில் துரு நிறப் புள்ளி வந்து பயிர் திட்டுத்திட்டாகக் குட்டையாக நின்றால் துத்தநாகத்தைச் சந்தேகப்படுங்கள். அதற்கு எத்தனை மூட்டை யூரியா கொட்டினாலும் தீராது.

கையில் இருக்கிற போன்

உரம் வாங்கும்போது விற்பனைக் கருவியில் ஆதார் பதிந்து ஒரு சீட்டு வரும். கேட்டு வாங்குங்கள். அந்தத் தாளில் எழுத்து சீக்கிரம் மங்கிவிடும். அன்றைக்கே போட்டோ எடுத்து வையுங்கள். உழவன் செயலியில் உர இருப்பு, விதை இருப்பு, சந்தை விலை, வானிலை, மானியத் திட்டங்கள், பயிர்க் காப்பீட்டு விவரம் எல்லாம் பார்க்கலாம். 'தமிழ் மண்வளம்' இணையதளத்தில் உங்கள் கிராமத்தையும் புல எண்ணையும் கொடுத்து மண் விவரம் பார்க்கலாம். சந்தேகம் என்றால் கிசான் கால் சென்டர், 1800-180-1551, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம்.

புல எண் எழுதச் சொன்ன காரணம் இதுதான். பயிர்க் காப்பீட்டுக்கும் நிவாரணத்துக்கும் கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலில் எந்தப் புல எண்ணில் என்ன பயிர், எவ்வளவு பரப்பு என்று சரியாகப் பதிவாகியிருக்க வேண்டும். வெள்ளம் வந்த பிறகு வரிசையில் நின்று தேடுவதைவிட, விதைத்த வாரத்திலேயே நோட்டைக் கொண்டுபோய் ஒப்பிட்டுக்கொள்வது நல்லது. உங்கள் நோட்டு சட்டப்படி அடங்கலுக்கு மாற்று ஆகாது. ஆனால் அடங்கலில் விட்டுப்போனதைக் கேட்கிற தைரியத்தைக் கொடுக்கும். குத்தகைக்குச் சாகுபடி செய்கிறவர்கள் பட்டாவில் இல்லை. அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்

பதிவேட்டுப் பாடத்தைப் படம் வரைந்து முடித்துவிடாதீர்கள். பள்ளித் தோட்டத்தில் ஒரு சென்ட் இடத்துக்கு ஒரு நோட்டு, வீட்டு வயலுக்கு ஒரு நோட்டு. வீட்டில் நிலம் இல்லாத பிள்ளைகள் பள்ளித் தோட்டத்து நோட்டைப் பொறுப்பெடுக்கட்டும். கூலி வேலைக்குப் போகிற குடும்பத்துப் பிள்ளைக்கு ஆள் கணக்கு நம்மைவிட நன்றாகவே தெரியும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. வீட்டு நோட்டில் கடனும் இருக்கும், அடகும் இருக்கும். அதை வகுப்பில் சத்தமாக வாசிக்க வைக்க வேண்டாம். தேதி, அளவு, நாள் எண்ணிக்கை இவற்றுக்கு மதிப்பெண் போடுங்கள். பணக் கட்டம் வீட்டோடு இருக்கட்டும்.

பெற்றோர்களே, பிள்ளை நோட்டோடு வந்து "இன்னைக்கு எத்தனை கிலோ போட்டீங்கப்பா?" என்று கேட்டால், "உனக்கெதுக்கு அதெல்லாம், போய்ப் படி" என்று சொல்லிவிடாதீர்கள். அது படிக்கிறதுதான்.

தம்பி தங்கைகளே, புது நோட்டு வாங்கக் காத்திருக்க வேண்டாம். போன வருஷ நோட்டில் மிச்சமிருக்கிற பக்கம் போதும். இன்றைக்குத் தேதி போட்டு, இன்றைக்கு வயலில் நடந்ததை ஒரு வரி எழுதுங்கள். ஒரு பட்டம் முடியட்டும். உழக்கு மிஞ்சியதா இல்லையா என்பதைப் பழமொழி சொல்ல வேண்டாம், உங்கள் நோட்டு சொல்லட்டும்.