காத்திருக்கிற நாளும் வைத்தியத்தில் சேர்ந்ததுதான்



நான் தோவாளையில் பூ கட்டி விக்கிறவ. பூவுக்குக் காத்திருக்கத் தெரியாது. விடியுமுன்னே வாங்கினதை அன்னைக்கே வித்தாகணும். அப்படிப் பழகின எனக்கு, போன வருசத்தில் இருந்து காத்திருக்கிறதே பெரிய வேலையாப் போச்சு. அதைப் பத்திப் பேசச் சொன்னாங்க.

எனக்கு இரைப்பையில் கட்டி. அதுக்கு ‘ஜிஸ்ட்’னு பேரு. வழக்கமா வர்ற இரைப்பைப் புற்றுநோய் இல்லை இது. இரைப்பை, குடல் சுவரில், உணவை முன்னால் தள்ளுற அசைவுக்குத் தாளம் கொடுக்கிற செல்கள் உண்டு. அந்த வகைச் செல்லில் இருந்து வர்ற கட்டி. உலகக் கணக்குப்படி பத்து லட்சம் பேரில் வருசத்துக்கு 10 முதல் 15 பேருக்குத்தான் வரும். 2011 கணக்கெடுப்பில் நம்ம குமரி மாவட்டத்து மக்கள் தொகை 18 லட்சத்து 70 ஆயிரம். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தா, நம்ம மாவட்டம் முழுக்க வருசத்துக்கு இருபது, இருபத்தஞ்சு பேர். ஆனா ‘நமக்கு மட்டும் ஏன்’னு நினைக்க வேண்டாம். ஐரோப்பாவில் தனித்தனியா அரிதா இருக்கிற புற்றுநோய் எல்லாத்தையும் கூட்டினா, மொத்தப் புற்றுநோயில் நாலில் ஒண்ணுக்குப் பக்கம் வருதுன்னு கணக்கு எடுத்திருக்காங்க.

முதல் காத்திருப்பு நோயோட பேருக்கு. சதைத் துண்டை எடுத்து மெழுகில் பதிச்சு வைப்பாங்க, அது ‘பிளாக்’. அதில் இருந்து சீவி எடுத்துக் கண்ணாடியில் ஒட்டினது ‘சிலைடு’. அதில் பல சோதனை செய்துதான் பேரைச் சொல்ல முடியும். “என்ன மக்களே, இத்தனை நாளா வைத்தியம் தொடங்கலியா?”ன்னு எல்லாரும் கேட்டாங்க. மற்ற இரைப்பைப் புற்றுநோய்க்குக் கொடுக்கிற கீமோ என் கட்டிக்குப் பெரிசா வேலை செய்யாது. பேரு தெரியாமத் தொடங்கினா மருந்தும் வீண், உடம்பும் வீண். அதனால அந்த நாளும் வைத்தியத்தில் சேர்ந்ததுதான்.

இப்போ ரெண்டாவது காத்திருப்பு, ஆப்பரேசனுக்கு. கட்டி பெரிசு. மாத்திரையில் சுருக்கிட்டு எடுத்தா இரைப்பையில் கூடுதல் பாகத்தைக் காப்பாத்தலாம்னு டாக்டர் சொன்னார். மாத்திரை பேரு இமாட்டினிப். சாப்பாட்டோட, ஒரு பெரிய டம்ளர் தண்ணி குடிச்சுப் போடணும். காலையில் கண்ணுக்குக் கீழே வீங்கும். “ராத்திரி அழுதியா?”ன்னு கேக்காங்க. அழுகை இல்லக்கா, மாத்திரை. அழுத நாளும் உண்டு, அது வேற.

இந்த மாத்திரைக்குப் பின்னாலயும் ஒரு பெரிய காத்திருப்பு உண்டு. 2000-ஆம் ஆண்டு பின்லாந்தில் ஒரு பெண்ணுக்குத்தான் இந்தக் கட்டிக்கு முதன்முதலா இதைக் கொடுத்துப் பார்த்தாங்க. கட்டி சுருங்கிச்சு. ஒரு வகை ரத்தப் புற்றுநோய்க்கும் இதே மருந்துதான். காப்புரிமை வழக்கு நடந்த காலத்தில் நோவார்ட்டிஸ் கம்பெனியின் மாத்திரை நம்ம நாட்டில் மாசத்துக்குச் சுமார் 1,20,000 ரூபாயா இருந்தது. நம்ம நாட்டுக் கம்பெனிகள் செய்தது அப்போ சுமார் 8,000 ரூபாயா இருந்தது. கம்பெனி காப்புரிமை கேட்டது. மும்பையில் இருக்கிற புற்றுநோயாளர் உதவிச் சங்கமும் அதை எதிர்த்து நின்னுது. 2006-இல் சென்னைக் காப்புரிமை அலுவலகம் மறுத்தது. வழக்கு மேலே போய், 2013 ஏப்ரல் 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றமும் காப்புரிமை இல்லைன்னு தீர்ப்புச் சொன்னது. அத்தனை வருசம் யாரோ விடாம நின்னதால, பூக்காரி நான் இன்னைக்கு அந்த மாத்திரையை முழுங்குறேன்.

அதுபோல எங்க குழுவும் என்கூட நின்னுது. தீர்மானப் புத்தகத்தில் எழுதி, உள்கடன் அசலை ஆறு மாசம் தள்ளி வச்சாங்க. வட்டி மட்டும் கட்டுறேன். கந்துவட்டிக்காரன் வாசலுக்குப் போகாம தப்பினேன். நான் திருவனந்தபுரம் போற நாளில் என் வாடிக்கை வீடுகளுக்கு முறை வச்சுப் பூ கொடுத்தாங்க. ஆஸ்பத்திரிக்கு ஒருத்தி கூடவே வந்து, டாக்டர் சொல்றதை நோட்டில் எழுதினா. பயத்தில் நம்ம காதில் பாதிதான் விழும்.

அந்த நோட்டில் ஒவ்வொரு தடவையும் மூணு கேள்வி எழுதிக்கிட்டுப் போவோம். எதுக்காகக் காத்திருக்கோம்? எத்தனை நாள்? அதுக்குள்ள என்ன ஆனா உடனே வரணும்? மூணாவதுக்கு எனக்குச் சொன்ன பதில்: மலம் கறுத்துப் போனா, ரத்த வாந்தி, தாங்க முடியாத வயித்து வலி, மயக்கம் வந்தா தேதி பார்க்காம ஓடி வரணும். உங்க நோய்க்கு என்னன்னு உங்க டாக்டர்கிட்ட கேளுங்க.

இன்னும் சில காரியம். ரிப்போர்ட், சிலைடு, பிளாக் எல்லாம் தேதி வரிசையில் ஒரே பையில் இருக்கட்டும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எடுக்காதவங்க நல்லா இருக்கும்போதே எடுங்க. குடும்பத்துக்கு வருசத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரைக்கும் உண்டு. எந்த ஆஸ்பத்திரியில் எந்தச் சிகிச்சைக்குச் செல்லும்னு கிளம்புமுன்னே 1800 425 3993-இல் கேளுங்க. மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க. நாட்டு மருந்து எதுவானாலும் டாக்டரிடம் சொல்லிட்டுச் சாப்பிடுங்க.

பார்க்க வர்றவங்களுக்கு ஒரு வார்த்தை. துட்டி கேக்க வந்த மாதிரி முகத்தை வச்சுக்கிட்டு உட்காராதீங்க. நான் இருக்கேன். ரெண்டு முழம் பூ கட்டிக் கொடுத்துட்டுப் போனா அதுவே எனக்கு மருந்து.

அடுத்த மாசம் ஸ்கேன். கட்டி போதுமான அளவு சுருங்கியிருந்தா ஆப்பரேசன் தேதி கொடுப்பாங்க. இல்லாட்டி இன்னும் காத்திருக்கணும். எதுவானாலும் அந்தச் சனிக்கிழமைக் கூட்டத்துக்குச் சேமிப்போட வந்து சொல்லுகேன்.

உங்க குழுவிலயும் ஏதாவது ஒருத்தி இப்படிக் காத்திருப்பா. கூட்டம் முடியுமுன்னே அவ பேரைச் சொல்லி, இந்த வாரம் அவகூட யார் போறான்னு முடிவு பண்ணி எழுதிடுங்க. கடன் கணக்கு எழுதுற அதே புத்தகத்தில் எழுதுங்க.