நாங்கள் பழைய மில்லிங் மெஷின் வாங்கிய அனுபவம்
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)



எனக்கு மேடையில் பேசிப் பழக்கம் இல்லைங்க. பத்தாவது வரைக்கும்தான் படிச்சிருக்கேன். தப்பா ஏதாவது சொன்னா பொறுத்துக்கணும். செயலாளர் அக்காதான், "நீ மெஷின் வாங்கின கதையைச் சொல்லு, அது போதும்" என்றார்கள்.

எங்க குழுக் கூட்டத்தில் நான் முதல் தடவை "மில்லிங் மெஷின் வாங்கக் கடன் வேணும்" என்று கேட்டபோது, எல்லோரும் மாவு மில் என்றுதான் நினைத்தார்கள். "ஊருல ஏற்கெனவே ரெண்டு மில்லு இருக்கே, மூணாவது எதுக்கு?" என்று ஒரு அக்கா கேட்டார். இது மாவு அரைக்கிற மில் இல்லைங்க. இரும்பு வெட்டுற மெஷின். லேத்தில் இரும்பு சுத்தும், டூல் நிற்கும். மில்லிங்கில் கட்டர் சுத்தும், இரும்பை டேபிளில் இறுக்கிக் கட்டி டேபிளை நகர்த்துவோம். பம்புசெட் ஷாஃப்டில் புல்லி வழுக்காமல் இருக்க ஒரு சின்ன இரும்புக் கட்டை வைப்பார்கள். அதுக்குப் பேர் கீ. அது உட்காருகிற பள்ளம் கீவே. அந்தப் பள்ளம் போடுவதுதான் எங்க வேலை.

எங்க வீட்டுக்காரர் 14 வருஷமாக கணபதியில் ஒரு பட்டறையில் வேலை. அன்னூர் பக்கத்திலிருந்து காலையில் ஆறு மணி பஸ், ராத்திரி ஒன்பது மணிக்கு வீடு. என் மாமியார் விழுந்து படுத்த படுக்கையான பிறகு, ஒத்தையாளாக எனக்கு முடியவில்லை. அப்போதுதான் தெரிந்த பட்டறைக்காரர் ஒருத்தர், "நீங்க வீட்டுலயே ஒரு மெஷினைப் போடுங்க, கீவே ஜாப் நான் தர்றேன்" என்றார். புது மெஷின் வாங்குகிற வசதி எங்களுக்கு இல்லை. பழசுதான் வாங்கணும்.

கையில் இருந்தது இவ்வளவுதான். குழு நேரடிக் கடனில் என் பங்கு 1,00,000 ரூபாய். என் ஆரத்தை அடகு வைத்தது 40,000. வீட்டுக்காரர் சேர்த்தது 20,000. மொத்தம் 1,60,000. கடனுக்குத் தீர்மான நோட்டில் 12 பேர் கையெழுத்துப் போட்டார்கள். அதில் ஒரு அக்கா போடும்போதே, "ரெண்டு மாடு வாங்கினா பாலாவது வரும், இரும்பு என்ன கொடுக்கும்?" என்றார். அந்தப் பேச்சு எனக்கு நெஞ்சிலேயே நின்றது. மாடு செத்தால் இன்சூரன்ஸ் உண்டு. பழைய மெஷின் சொத்தையாகப் போனால் எடைக்குத்தான் போடணும்.

முதலில் ஒரு புரோக்கர் எங்களைக் கோயமுத்தூரில் ஒரு ஷெட்டுக்குக் கூட்டிப் போனார். பச்சைப் பெயிண்டில் மெஷின் பளபளவென்று நின்றது. விலை 1,25,000. எங்க வீட்டுக்காரருக்குப் பார்த்ததும் ஆசை. எனக்கு மெஷினைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் பழைய கிரைண்டர், பழைய தையல் மெஷின் வாங்கின கண்ணு இருக்கே. எண்ணெய் விடுகிற ஓட்டை எல்லாத்து மேலயும் பெயிண்ட் மூடியிருந்தது. "ஏனுங்ண்ணா, இதுல எண்ணெய் எப்படி விட்டு ஓட்டினாங்க?" என்று கேட்டேன். புரோக்கர் சிரித்தார். "அம்மா, அதெல்லாம் உங்களுக்குப் புரியாதுங்க. இன்னைக்கே 10,000 அட்வான்ஸ் கொடுங்க, நாளைக்கு வேற பார்ட்டி வருது" என்றார். பணம் என் பையில் இருந்தது. நான் பையை எடுக்கவே இல்லை. "ஞாயித்துக்கிழமை வர்றோமுங்க" என்று சொல்லி இவரை இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பஸ் முழுக்க என்னோடு பேசவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் கூட வேலை செய்த ஒரு அண்ணனிடம் டயல் கேஜும் மேக்னட் ஸ்டாண்டும் இரவல் வாங்கி அவரையும் கூட்டிப் போனோம். டயல் கேஜில் ஒரு கோடு 0.01 மில்லிமீட்டர். நம்ம தலைமுடி ஒன்றின் கனத்துக்குள்ளேயே அஞ்சாறு கோடு அடங்கும். அதை ஸ்பிண்டிலின் உள்வாயில், கட்டர் உட்காருகிற இடத்தில் வைத்து, கையால் மெதுவாகச் சுத்தினார் அந்த அண்ணன். முள் ஒரு கோடு, இரண்டு கோட்டுக்குள் நிற்கணுமாம். எட்டுக் கோடு ஆடியது. அடுத்து டேபிளை நடுவில் வைத்து, ஆட்டம் இல்லாதபடி ஜிப்பை இறுக்கினார். அப்படியே டேபிளை ஓரத்துக்கு ஓட்டப் பார்த்தால் நகரவே இல்லை. எல்லா வேலையும் நடுவில்தான் நடக்கும், அதனால் நடு தேய்ந்து போகும், ஓரம் தேயாது. நடுவுக்கு இறுக்கினால் ஓரத்தில் பிடிக்கும், ஓரத்துக்குத் தளர்த்தினால் நடுவில் ஆடும். இந்த ஒரு சோதனைக்கு டயல் கேஜ்கூட வேண்டாம், கை போதும். ஹேண்டிலைத் திருப்பினால் கால் சுத்து வரைக்கும் டேபிள் அசையவில்லை. பச்சைப் பெயிண்ட் அடித்ததோடு சரி.

பிறகு இரண்டு மாதம் அலைந்தோம். ஏழு மெஷின் பார்த்தோம். ஒன்றில் ஒரே ஸ்பீடில்தான் ஓட்டிக் காட்டினார்கள், மற்ற ஸ்பீடு கேட்டால் பெல்ட் இல்லை என்றார்கள். ஒன்று நல்ல மெஷின், ஆனால் பில் தர முடியாது என்றார்கள். பில் இல்லாமல் குழுவில் கணக்கு வைக்க முடியாது. அதோடு அந்த மெஷின் மேல் வேறொரு வங்கியில் கடன் இருக்கிறதா என்றும் தெரியாது. விட்டுவிட்டோம்.

கடைசியில் கிடைத்தது ஒரு பெரியவருடைய பட்டறையில். பையன்கள் படித்து வெளியூர் போய்விட்டார்கள், மூடப் போகிறார். பஞ்சாப் படாலாவில் செய்த மெஷின், பெயிண்ட் எல்லாம் உரிந்து, எண்ணெய் அழுக்கோடு நின்றது. டேபிளில் அங்கங்கே டிரில் பட்ட காயம். ஆனால் ஸ்பிண்டிலில் முள் இரண்டு கோடுதான் ஆடியது. ஸ்லைடில் கையால் சுரண்டி எடுத்த பூப்பூவான தடம் ஓரத்தில் நன்றாகவும் நடுவில் லேசாகவும் இன்னும் தெரிந்தது. அந்தத் தடம் இருக்கிற வரைக்கும் தேய்மானம் கம்மி என்று அர்த்தம். "எவ்வளவு நேரம் வேணும்னாலும் ஓட்டிப் பாருங்க சாமி" என்று சொல்லிவிட்டு அவர் டீ குடிக்கப் போய்விட்டார். அரை மணி நேரம் எல்லா ஸ்பீடிலும் ஓட்டினோம். கியர் சத்தம் ஒரே சீராக இருந்தது, பேரிங் பக்கம் கை வைத்தால் வெதுவெதுப்பு, சூடு இல்லை. ஒரு இரும்புத் துண்டையும் வெட்டிப் பார்த்தோம். 1,30,000 சொன்னார். டேபிள் காயத்தையும், ஹேண்டிலில் இருந்த 0.3 மில்லிமீட்டர் ஆட்டத்தையும் காட்டி, 1,05,000-க்கு முடித்தோம். ஒரு மரப்பெட்டி நிறைய டி-போல்ட், கிளாம்ப் எல்லாம் சும்மாவே கொடுத்தார். கொடுக்கும்போது அவர் கண் கலங்கியது. பில்லும் கொடுத்தார்.

மெஷின் விலையோடு முடிகிறதா? ஒரு டன்னுக்கு மேல் எடை. இரண்டு பக்கமும் ஹைட்ரா கிரேனுக்கு 5,000. நானூத்தி ஏழு வண்டிக்கு 4,500. ஷெட்டில் கான்கிரீட் தரைக்கு 8,000. வீட்டு கனெக்சனில் தொழில் ஓட்டக் கூடாது, அதனால் ஷெட்டுக்குத் தனி சர்வீஸ். மெஷினில் இருந்தது மூணு ஃபேஸ் மோட்டார், 2 எச்.பி. எங்களுக்கு வந்தது சிங்கிள் ஃபேஸ். நல்ல வேளை, மோட்டார் தகட்டில் 230-ம் 415-ம் இரண்டுமே போட்டிருந்தது. எலக்ட்ரீசியன் உள் கனெக்சனை டெல்டாவாக மாற்றி, வி.எஃப்.டி. டிரைவ் போட்டு ஓட வைத்தார். 415 மட்டும் போட்ட மோட்டாராக இருந்தால் மோட்டாரையே மாற்றியிருக்கணும். ஆகவே மோட்டார் தகட்டையும் படிங்க. கரண்டு வேலை எல்லாம் சேர்த்து 14,000. பழைய வைஸ் 6,500. கட்டர் 4,000.

இங்கேதான் நாங்கள் தப்புப் பண்ணினோம். மெஷினில் அவ்வளவு கவனமாக இருந்தவர்கள், கட்டரைப் பிடிக்கிற காலெட் சக்கை மிச்சம் பிடிக்கப் போய்ப் பழைய இரும்புக் கடையில் 2,500-க்கு வாங்கினோம். அதில் டயல் கேஜ் வைக்கவே இல்லை. முதல் ஆர்டர் 40 ஷாஃப்ட், 25 மில்லிமீட்டர் கனம், கீவே அகலம் 8 மில்லிமீட்டர், ஆழம் 4. கொண்டுபோய்க் கொடுத்தால் 12 திரும்பி வந்தது. அகலம் 8.1 இருந்தது, கீ உள்ளே ஆடியது. மெஷின் மேல் குற்றம் இல்லை. காலெட் கோணலாகப் பிடித்ததால் கட்டர் ஆடி, பள்ளம் அகலமாகிவிட்டது. மீதி 28-ம் எப்படித் தப்பியது என்று கடவுளுக்குத்தான் தெரியும். ஒரு ஷாஃப்டுக்கு 180 வீதம் 2,160 ரூபாய் நாங்கள் கட்டினோம். புது காலெட் செட் 7,500. எல்லாம் போகக் கையில் மிச்சம் 840 ரூபாய். அந்த மாதத் தவணை 4,700.

அன்றைக்குக் குழுக் கூட்டத்துக்குப் போகவே எனக்குக் கால் வரவில்லை. போய் உள்ளதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. மாடு வாங்கச் சொன்ன அக்காதான், "அப்பவே சொன்னேன்" என்றார். சொல்லிவிட்டு, "5,000 உள்கடன் எழுதுங்க, நானும் கையெழுத்துப் போடறேன்" என்றார். இன்றைக்கும் அந்த அக்கா எங்க ஷெட்டுப் பக்கம் வந்தால், "இரும்பு பால் கறக்குதா?" என்றுதான் கேட்பார்.

கறக்குதுங்க, கொஞ்சம் கொஞ்சமாக. பகலில் நான்தான் ஓட்டுகிறேன். வீட்டுக்காரர் காலையில் செட்டிங் பண்ணிவிட்டு ஆர்டர் எடுக்கப் போய்விடுவார். சேலை முந்தானையோடு மெஷின் முன்னால் நிற்கவே கூடாது. சுடிதார் மேல் அவருடைய பழைய சட்டையைப் போட்டு, கொண்டை போட்டு, வளையலைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் சுவிட்ச் போடுவேன். கட்டர் சுத்தும்போது கையுறையும் போடக் கூடாது, துணி மாட்டினால் கையையே இழுத்துக்கொள்ளும். கண்ணாடி மட்டும் கட்டாயம். ஒரு கீவேக்கு 14 ரூபாய். மாமியாரையும் பார்த்துக்கொண்டு ஒரு நாளைக்கு 40, 45 போடுகிறேன். உள்கடன் முடிந்தது. நேரடிக் கடனில் இன்னும் 9 தவணை பாக்கி. ஆரம் இன்னும் அடகில்தான் இருக்கிறது.

போன மாதம் சொந்தமாக ஒரு டயல் கேஜ் வாங்கிவிட்டோம். நம்ம கூட்டமைப்பில் யாராவது பழைய மெஷின் எதுவாக இருந்தாலும் பார்க்கப் போவதாக இருந்தால், அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னால் எங்க வீட்டுக்கு வாங்க. ஞாயிற்றுக்கிழமை என்றால் வீட்டுக்காரரும் கூட வருவார். பஸ் காசு மட்டும் நீங்க கொடுத்தால் போதும்.